கற்பூரவள்ளியில் ஒரு கறுப்பு விதை

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களில் பலருக்கு இது நடந்திருக்கும். கற்பூரவள்ளிப் பழத்தை உரித்து வாயில் போட்டு மெல்லும்போது பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபடும். கல்லோ என்று பதறித் துப்பினால், மிளகு பருமனில் கன்னங்கரேலென்று ஒரு விதை. என் பாட்டி அதை விரல்நுனியில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லடா, காட்டுக்குணம் எப்பவாவது தலைகாட்டும்" என்பார். வாழைக்கு விதை கிடையாது என்று பள்ளியில் படித்திருந்த எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. தாவரவியலைத் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, பாட்டி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று.

காட்டில் தானாக வளரும் வாழையின் காயைப் பிளந்தால் சதையைத் தேட வேண்டியிருக்கும். உள்ளே முழுக்க விதை அடைந்துகிடக்கும். நாம் தின்னும் வாழை அதிலிருந்துதான் வந்தது. அதற்கு இரண்டு மாற்றங்கள் நேர வேண்டியிருந்தன. முதலாவது, மகரந்தம் சேராமலே காய் பருத்துச் சதைப்பிடிக்கும் குணம். காட்டு வாழையில் மகரந்தம் கிடைக்காத பூவின் பிஞ்சு சூம்பிப்போகும். இந்தக் குணம் வாய்த்த செடியில் அது பருக்கும். இரண்டாவது, மலட்டுத்தன்மை. வாழையின் குரோமோசோம் தொகுதி ஒன்றில் 11 இருக்கும். காட்டு வாழையில் அப்படி இரண்டு தொகுதி, மொத்தம் 22. நாம் வாங்கும் பெரும்பாலான ரகங்களில் மூன்று தொகுதி, மொத்தம் 33. மகரந்தமோ சூலோ உருவாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு பிரிய வேண்டும். மூன்று மூன்றாக நிற்பவற்றை எப்படி இரண்டிரண்டாக நிறுத்துவது? கணக்கு உதைக்கிறது, விதை பிடிப்பதில்லை. பழத்தை வட்டமாக நறுக்கினால் நடுவில் தெரியும் பொடிப்புள்ளிகள், அப்படி விதையாகாமல் நின்றுபோன சூல்களின் மிச்சம்.

கற்பூரவள்ளிக்கும் 33தான். ஆனால் அதன் பெண்பூவில் வளமை முழுக்க வற்றிவிடவில்லை. நல்ல மகரந்தம் உள்ள வேறொரு வாழை அருகில் நின்று, இரவில் வௌவாலோ பகலில் தேன்சிட்டோ தேனீயோ அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், அபூர்வமாக ஒரு விதை முளைவிடும் வலுவோடு உருவாகிவிடுகிறது. பாட்டி சொன்ன காட்டுக்குணம் அதுதான்.

விதை இல்லாத பயிர் எப்படிப் பெருகுகிறது என்பது நமக்குப் புதிதல்ல. நாம் மரம் என்று சொன்னாலும் வாழை மரமல்ல. வெளியே நிற்பது தண்டுகூட அல்ல. இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிய உருளை. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. முப்பது நாற்பது இலை விட்டபின் அந்தக் கிழங்கின் உச்சியிலிருந்து பூக்காம்பு கிளம்பி, உருளையின் நடுவே ஏறி, உச்சியில் குலை தள்ளும். நாம் பொரியலுக்கு நறுக்கும் வாழைத்தண்டு அந்தக் காம்புதான். தார் வெட்டியதும் அந்த உருளையின் ஆயுள் முடிந்தது. அதற்குள் கிழங்கின் பக்கத்திலிருந்து கன்றுகள் எழுந்திருக்கும். குறுகிய, கூரிய இலையோடு வருவதை ஈட்டிக்கன்று என்றும், சின்ன வயதிலேயே அகன்ற இலை விரிப்பதை நீர்க்கன்று என்றும் விவசாயிகள் பிரிப்பார்கள். நடுவதற்கு எடுப்பது ஈட்டிக்கன்றைத்தான். அதில்தான் கிழங்கு திரண்டிருக்கும்.

வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம். உயிரியல் கண்ணால் பார்த்தால் அங்கே தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மரபணு கலந்து புதிதாகப் பிறக்கும் ஒன்றுதான் பிள்ளை. வாழைக்கன்று அதே செடிதான், ஓரடி தள்ளி மறுபடி எழுந்து நிற்கிறது. தொட்டியத்தில் இன்று நிற்கும் பூவனும், வெளிநாட்டு நூல்களில் 'மைசூர்' என்ற பெயரோடு காணப்படும் வாழையும், யாரோ எப்போதோ கண்டெடுத்த ஒரு செடியின் தொடர்ச்சிகள். பல நூறு ஆண்டுகளாக அந்தச் செடியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். ஒரு தலைமுறை கைவிட்டால் அதோடு அந்த ரகம் போய்விடும். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இந்த ஒரு செய்தியின் விளைவுகளைத்தான்.

திருச்சிக் காந்தி மார்க்கெட்டை ஒட்டிய வாழைக்காய் மண்டியில் விடியற்காலையில் போய் நின்றால், இந்தக் கைமாற்றத்தின் பலனை ஒரே பார்வையில் காணலாம். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, நேந்திரன், மொந்தன், ஏலரிசி, செவ்வாழை, ரோபஸ்டா எனத் தார்கள் சாத்திவைக்கப்பட்டிருக்கும். இத்தனைக்கும் மூலம் இரண்டே காட்டினங்கள். ஒன்று மூசா அக்யூமினாட்டா. இதை 'ஏ' என்று குறிக்கிறார்கள். மற்றொன்று மூசா பால்பிசியானா, இது 'பி'. ரோபஸ்டாவும் செவ்வாழையும் மூன்று பங்கும் ஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் மூன்றும் இரண்டு பங்கு ஏ, ஒரு பங்கு பி. மொந்தனும் கற்பூரவள்ளியும் ஒரு பங்கு ஏ, இரண்டு பங்கு பி. ஏலரிசிக்கு மொத்தமே இரண்டு தொகுதிதான். ஏ ஒன்று, பி ஒன்று.

மரபணுவைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு முன்பே, 1955இல், சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கண்ணாலேயே பிரித்துக் காட்டினார்கள். செடியின் 15 அடையாளங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் அக்யூமினாட்டா போல் இருந்தால் 1, பால்பிசியானா போல் இருந்தால் 5, இடைப்பட்டால் இடைப்பட்ட எண் என்று மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 15 வந்தால் சுத்த ஏ. 75 வந்தால் சுத்த பி. அந்த அடையாளங்களில் சிலவற்றை வீட்டுக் கொல்லையிலேயே சோதிக்கலாம். இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ரோபஸ்டாவில் அதன் வாய் திறந்து, ஓரங்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மொந்தனில் ஓரங்கள் உள்நோக்கி மடிந்து வாய் மூடியதுபோல் இருக்கும். ஏ இனத்தில் வாழைப்பூவின் மடல் திறந்ததும் பின்னோக்கிச் சுருளும்; பி இனத்தில் சுருளாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். பொதுவாக ஏ இனிப்பையும் மென்மையையும் கொடுத்தது என்றும், பி வறட்சி தாங்கும் வலுவையும் மாவுச்சத்தையும் கொடுத்தது என்றும் சொல்வார்கள். மொந்தன் பஜ்ஜிக்கும் வறுவலுக்கும் போவதும், ரோபஸ்டா பழமாகவே போவதும் அந்தப் பங்கீட்டின்படிதான்.

இத்தனை ரகமும் இந்த ஒரு வட்டாரத்தில் நிலைத்ததற்கு முதல் காரணம் நிலம். காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, தென்கிளை காவிரியாகவும் வடகிளை கொள்ளிடமாகவும் ஓட, நடுவே இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே இழுபட்டு, காவிரி மேடுதட்டிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். தீவிலும் இரு கரைகளிலும் ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், அடியில் மணல். உய்யக்கொண்டான், வடகரை வாய்க்கால், கட்டளைக் கால்வாய் என்று வாய்க்கால்கள் ஆற்றுநீரைக் கிளைகிளையாகப் பிரித்துக்கொண்டுபோகின்றன. குளித்தலையிலிருந்து பெட்டவாய்த்தலை, ஜீயபுரம் வழியாகத் திருச்சிக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தென்படுவதெல்லாம் வாழை. எதிர்க்கரையில் தொட்டியமும் முசிறியும் அப்படித்தான்.

வண்டல், மணல் இரண்டும் சேர்ந்திருப்பது ஏன் முக்கியம் என்றால், வாழையின் வேர் இரண்டு விஷயங்களில் பிடிவாதம் காட்டும். அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணிலேயே படர்கிறது. இத்தனை பெரிய இலைகளிலிருந்து ஆவியாகும் நீரை அந்த ஓரடி மண்ணே ஈடுகட்ட வேண்டும். ஆண்டுக்கு 1,800 முதல் 2,000 மில்லிமீட்டர் தண்ணீர் தேவைப்படும் பயிர் இது. திருச்சியில் பெய்யும் மழையோ அதில் பாதியைக்கூட எட்டாது. மறுபக்கம், வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டி நின்றால் வேர்நுனி அழுகத் தொடங்கும். நஞ்சையில் வாழை வைப்பவர்கள் வரிசைகளுக்கு நடுவே ஆழமாகக் கால் வெட்டி, அந்த மண்ணை மேட்டில் ஏற்றி அணைப்பது இதற்காகத்தான். ஆற்றை ஒட்டிய படுகை நிலத்துக்கு இந்தச் சிரமம் குறைவு. அடிமணல் தானாக வடித்துவிடும்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. நெல் அந்த அட்டவணைக்குள் அடங்கிவிடும். வாழை பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். அதற்கு மாசியிலும் சித்திரையிலும் தண்ணீர் வேண்டும், அதுவும் வெயில் கொளுத்தும்போதுதான் அதிகம் வேண்டும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் அந்த மாதங்களில் இந்த வாழைகளைக் காப்பாற்றுவது ஆற்றுமணல். மணலின் துகள்களுக்கு இடையே தேங்கிய நீர்தான் கரையோரக் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் குழாய்களுக்கும் ஊறிவருகிறது. ஆற்றில் மணல் அள்ள அள்ளப் படுகை இறங்குகிறது. படுகை இறங்கினால் அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் கரையின் நிலத்தடி நீர்மட்டமும் இறங்கும். வாழைத்தோட்டத்துக்கும் மணல் குவாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒரு சித்திரை மாதத்தில் இந்தக் கரையில் நடந்து பார்க்க வேண்டும். மணலை வெறும் கட்டடப் பொருளாகக் கணக்கிடும் ஒவ்வொரு முறையும், அதற்குள் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம்.

பிறகு காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்று கரூரைத் தாண்டி நேராகத் திருச்சியில் வந்து அறையும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொல்லை இங்குள்ளவர்கள் மிகையாக நினைப்பதில்லை. வாழையிலை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது: நடுநரம்பிலிருந்து இணையிணையாகப் பிரியும் நரம்புகளின் இடையே அது எளிதில் கிழியும். கிழிந்த இலையில் காற்று பாய்மரத்தில் பிடிப்பதுபோல் பிடிக்காது. ஆனால் தலையில் 15, 20 கிலோ தாரைச் சுமந்துகொண்டு, ஓரடி ஆழ வேரில், நீரும் காற்றறையும் நிறைந்த மட்டைச்சுற்றில் நிற்கும் செடிக்கு அது போதாது. அதற்குச் சவுக்குக் கழியோ மூங்கிலோ முட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் ஏக்கரில் ஆயிரம் வாழைக்கு ஆயிரம் முட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவில் முட்டுகளும் சேர்ந்தே சாய்ந்தன.

நிலம் இடம் கொடுத்தது. ரகங்களைப் பெருக்கியது இங்குள்ளவர்களின் தேவை. உலகத்தின் பல இடங்களில் வாழை என்றால் ஒரு பழம். இங்கே அது இலை, பூ, தண்டு, காய், பழம், நார், மணப்பந்தலில் கட்டும் கன்று. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ரகம் வேறு. பூவன் இலை மென்மையாகவும், மடக்கினால் எளிதில் கிழியாததாகவும் இருப்பதால் இலைக்காகவே அதை நெருக்கி நட்டு, கன்றையே மறுதாம்பாக வளரவிட்டு, ஆண்டுக்கணக்கில் அறுக்கிறார்கள். கேரளத்துச் சிப்ஸுக்கும் ஓணத்துக்கும் நேந்திரன் லாரியேறுகிறது. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் அதிகாலையில் மாலை கட்டுகிறவர்களின் கைப்பக்கத்தில் ஈரத்துணிக்குள் வாழைநார் இருக்கும். வாழைமட்டையின் குறுக்குவெட்டில் தேன்கூடு போல அறைகள். அவற்றின் சுவரை ஒட்டி நீளவாக்கில் நார்க்கற்றைகள் ஓடுகின்றன. நனைத்த நார் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூவின் காம்பை அறுக்காது. பருத்தி நூலில் கட்டிய சரமும் நாரில் கட்டிய சரமும் மாலைக்குள் எப்படி மாறுபடும் என்று பூ வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

இனி, இந்தப் பயிரின் பெரிய ஆபத்துக்கு வருகிறேன். ஒரே செடியின் நகல்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நிற்கின்றன என்றால், ஒரு செடியைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு அத்தனையையும் கொல்லத் தெரியும். விதையில் பிறக்கும் பயிரில் சிலவாவது தாங்கும் குணத்தோடு பிறந்து தப்பிக்கக்கூடும். வாழைக்கு அந்த வழி இல்லை.

பனாமா வாடல் என்று பெயர்பெற்ற ஃபியூசேரியம் பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, நீர் கடத்தும் குழாய்களை அடைத்துவிடும். அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பொடிந்து தொங்கும். அடிப்பகுதி நெடுக்காகப் பிளக்கும். கிழங்கை வெட்டினால் வெள்ளைச் சதையில் பழுப்பும் செம்மையுமாகக் கோடுகள். இலை வாடினால் தண்ணீர்க் குறை என்று நினைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்தத் தண்ணீரே வித்துகளை அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகும். தடித்த சுவருள்ள இந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் காத்திருக்கக் கூடியவை. தெளிக்க மருந்து இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியான வாழையில் பெரும்பகுதி 'குரோ மிஷெல்' என்ற ஒரே ரகம். மத்திய அமெரிக்காவில் காடழித்து, கண்ணுக்கெட்டிய தூரம் அது ஒன்றையே நட்டார்கள். பூஞ்சை வந்தது; 1960கள் முடிவதற்குள் அந்த வாணிபம் குரோ மிஷெலைக் கைவிட்டு, அந்தப் பூஞ்சையைத் தாங்கும் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறியது. கேவண்டிஷ் நமக்கு அந்நியமல்ல. மொரிஷியஸிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், கேவண்டிஷ் பிரபுவின் கண்ணாடித் தோட்டத்தில் 1830களில் வளர்க்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. நம் ஊர்க் கடைகளில் அந்த இனத்துப் பழத்தை இன்றும் 'மோரிஸ்' என்கிறார்களே, அது மொரிஷியஸின் திரிபுதான். ரோபஸ்டாவும், இப்போது நாடெங்கும் பரவியிருக்கும் ஜி9 என்கிற கிராண்ட் நைனும் அதே குடும்பம்.

திருச்சியைப் பொறுத்தவரை, கேவண்டிஷ் தாங்கிய அந்தப் பழைய பூஞ்சைதான் ரஸ்தாளியை அரித்துக்கொண்டிருக்கிறது. ரஸ்தாளியின் மெல்லிய தோலையும், லேசான புளிப்போடு வரும் மணத்தையும் விரும்பாதவர்கள் இந்த ஊரில் குறைவு. ஆனால் அதை நடுகிறவர் ஒரு சூதாட்டத்தில் இறங்குகிறார். நெல்லுக்குப் பிறகு வாழை, வாழைக்குப் பிறகு நெல் என்று மாற்றுகிற நஞ்சை வழக்கத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு: மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் ஆக்சிஜன் குறைந்து பூஞ்சையின் எண்ணிக்கை தாழும். முற்றாக ஒழியாது, ஆனால் ஒரு போகம் ரஸ்தாளி எடுக்க அவகாசம் கிடைக்கும்.

இதனிடையே அந்தப் பூஞ்சையின் புதிய வடிவம், கேவண்டிஷையும் கொல்லக்கூடியது, தென்கிழக்கு ஆசியாவில் கிளம்பி உலகைச் சுற்றிவருகிறது. டிஆர்4 என்பது அதன் சுருக்கப் பெயர். 2019இல் கொலம்பியாவை எட்டியபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. இந்தியாவில் பிஹாரின் கடிஹார், பூர்ணியா பகுதிகளிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது வந்துவிட்டதைத் திருச்சி வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினார்கள். லாரிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணும், வெளிமாநிலத்திலிருந்து மலிவாக வரும் ஒரு சுமை கன்றும் போதும், அது தெற்கே இறங்க.

நோய் ஒரு ரகத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பழனி அடிவார மலைகளின் விருப்பாட்சி, பஞ்சாமிர்தத்துக்கு உயிரான மலைவாழை. 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த அது முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அசுவினி பரப்பும் நச்சுயிரி அது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி, குலையே தள்ளாமல் நின்றுவிடும். நோய் கண்ட தாயின் கன்றுகள் எல்லாவற்றிலும் நச்சுயிரி இருக்கும் என்பதால், நம்பிக் கொடுத்த கன்றே நோயைக் கொண்டுசென்றது. அதை மீட்டது திசு வளர்ப்பு. செடியின் உச்சியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வளர்நுனியில் செல்கள் வேகமாகப் பிரிவதால் நச்சுயிரி அங்கே பெரும்பாலும் எட்டியிருக்காது. அந்த நுனியை மட்டும் வெட்டி, சத்துக்கூழில் வளர்த்து, சோதித்துப் பெருக்கினால் நோயற்ற கன்றுகள் கிடைக்கும்.

இந்தச் சோதனைகளுக்கு நாட்டின் தலைமை இடம் திருச்சியில்தான் இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம், நகரத்துக்கு மேற்கே தாயனூர் பக்கம் போதாவூரில் இயங்குகிறது. நூற்றுக்கணக்கான வாழை ரகங்கள் அங்கே உயிரோடு நடப்பட்டிருக்கின்றன. நெல்லையோ கோதுமையையோ விதையாகக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். வாழையை அப்படி வைக்க முடியாது; வயலில் நட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு ஆண்டும் கன்று பிரித்து நட வேண்டும், அல்லது சோதனைக் குழாயில் மெதுவாக வளர்க்க வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உலக வாழைச் சேகரிப்பு 1,500க்கும் மேற்பட்ட மாதிரிகளோடு இப்படித்தான் குழாய்களில் காக்கப்படுகிறது. போதாவூர் மையம் கற்பூரவள்ளி இனத்தில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட 'உதயம்' பெரிய, கச்சிதமான தாரைத் தருகிறது. 'காவேரி சபா' உவர்நிலத்தையும் வறட்சியையும் தாங்குகிறது.

இனம் கலந்து புதிய ரகம் உண்டாக்குவது ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று கேட்பவர்களுக்கு அந்தக் கறுப்பு விதையை நினைவூட்டுவேன். மலட்டுச் செடியைப் பெற்றோராக வைத்துக்கொண்டு மகவு தேட வேண்டும். ஆயிரக்கணக்கான பூக்களுக்குக் கையால் மகரந்தம் தடவி, பழுத்த தார்களைப் பிசைந்து சலித்து, சில விதைகளைத் தேடியெடுத்து, அவற்றையும் ஆய்வகத்தில் முளைக்கவைத்து, பிறகு ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. பால்பிசியானாவின் மரபணுவுக்குள்ளேயே வரிக்கீற்று நச்சுயிரியின் துண்டுகள் எப்போதோ ஒட்டிக்கொண்டு உறங்குகின்றன. இனம் கலக்கும்போதும் திசு வளர்ப்பின்போதும் செடிக்கு ஏற்படும் அதிர்ச்சியில் அவை விழித்து, வெளியிலிருந்து எந்தத் தொற்றும் வராமலே செடியை நோயாக்கலாம். வறட்சி தாங்கும் குணத்துக்காக பி இனத்தை நாடினால் இந்த நச்சுயிரியும் கூடவே வருகிறது. கற்பூரவள்ளியில் ஒரு விதை பிடிப்பது நம் பல்லுக்கு இடைஞ்சல். போதாவூரில் அது ஒரு நல்ல நாள்.

இந்தியா ஆண்டுக்கு மூன்று கோடி டன்னுக்கு மேல் வாழை விளைவிக்கிறது. உலக விளைச்சலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதில் மிகப்பெரும்பகுதி நாமே தின்பது. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ்ன், ஆந்திராவின் அனந்தபூர், நம் தேனி என்று புதிய வாழை வட்டாரங்கள் திசு வளர்ப்பு ஜி9, சொட்டுநீர், ஒரே சமயத்தில் அறுவடை என்ற ஏற்பாட்டில் வளர்ந்திருக்கின்றன. அதில் விவசாயிக்கு வருமானம் உண்டு. அதைக் குறைசொல்ல நான் யார்? ஏற்றுமதிக்குச் சீரான நீளம், தடித்த தோல், 13, 14 டிகிரிக் குளிரில் வாரக்கணக்கில் தாங்கும் காய் வேண்டும். அந்த அளவுகளுக்குப் பொருந்துவது கேவண்டிஷ்தான். ஆனால் உலக விளைச்சலில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே அந்த ஒரே குடும்பமாகிவிட்டது. நாடு முழுவதும் அந்தப் பக்கம் சாயும்போது, குரோ மிஷெலின் கதை நம் கண்முன் இருந்தும் அதையே மறுபடி நடுகிறோம் என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

ஒரு தெருவில் நான்கு ரகம் விற்கும் ஊரில் பூஞ்சைக்கு எதிரான காப்பு இயல்பாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஒன்றை வீழ்த்தும் நோய் இன்னொன்றைத் தொடாமல் போகலாம். அந்தக் காப்பு எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால், கடையில் நின்று 'ரஸ்தாளி இருக்கா, பூவன் இருக்கா' என்று கேட்டு வாங்குகிறவர்கள்மேல் நிற்கிறது. மண்டியில் விலைபோகாத ரகத்தை எந்த விவசாயியும் மூன்றாம் முறை நட மாட்டார். குழாயில் காக்கப்படும் ரகம் அழியாது என்பது உண்மை; ஆனால் அதை எந்த மண்ணில், எந்த மாதத்தில், எவ்வளவு இடைவெளியில் நடுவது, பழுக்கும்போது எந்த நிறத்தில் இறக்குவது என்ற அறிவு குழாய்க்குள் இல்லை. மூட்டம் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடைத்த அறையில் புகை போடும்போது அதிலுள்ள எத்திலீன் வாயு காயைத் தூண்டும்; ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் மாவுச்சத்து சில நாளில் சர்க்கரையாகிவிடும். பூவனுக்கு ஒரு கணக்கு, கற்பூரவள்ளிக்கு வேறு கணக்கு. தடைசெய்யப்பட்ட கார்பைடு கல்லை வைத்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே மாவு மாவாகவே இருக்கும். 'முன்ன மாதிரி ரஸ்தாளி ருசிக்கலை' என்று ஒரு வீடு பழம் வாங்குவதை நிறுத்துவது பல சமயம் அங்கேதான் தொடங்குகிறது.

யாரும் வாங்காமலே பிழைத்திருக்கும் வாழையும் ஒன்று உண்டு. மண்ணச்சநல்லூருக்கு அப்பால் திருப்பைஞ்ஞீலி இருக்கிறது. ஞீலி என்பது வாழையில் ஒரு வகை. ஊருக்கே அதன் பெயர், கோயிலின் தலமரமும் அதுதான். திருமணத் தடை நீங்க வேண்டி வருகிறவர்கள் வாழைக்குப் பரிகாரம் செய்கிறார்கள். அந்த வாழையின் கனியை யாரும் உண்பதில்லை என்பது வழக்கம். தின்னாத ஒரு வாழையைக் கன்று கன்றாக இத்தனை காலம் தொடர்ந்து வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். ரஸ்தாளிக்கு அப்படிக் கோயில் இல்லை. அதற்கு இருப்பது நாக்கும், சில விவசாயிகளின் பிடிவாதமும்.

ஜீயபுரம் பக்கம் அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு போகம் நெல் எடுத்த வயலில், போன தை மாதம் அரை ஏக்கர் ரஸ்தாளி நட்டார். வரப்போரம் கன்றுகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, வேரை நறுக்கி, கிழங்கின் தோலை அரிவாளால் சீவி, வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்த்தார். பழுப்புக்கோடு இருந்தால் தனியே எரிக்க, இல்லாவிட்டால் நட. கோடு தெரியாத கிழங்கிலும் நோய் ஒளிந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். "தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்ததைச் சீவினார். பால்வெள்ளையாக இருந்தது. குழிக்குள் இறக்கி, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார்.